காந்தத்தோடு போங்கள்: பழைய கார்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்: 1977-ஆம் ஆண்டின் பான்டியாக் டிரான்ஸ் ஆம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கறுப்பு உடல், தங்கக் கோடுகள், பானெட்டில் பெரிய பறவை, கூரையில் கழற்றி வைக்கக்கூடிய இரண்டு கண்ணாடிகள். அகலமான டயர் போடுவதற்காகப் பின் மட்கார்டுகளை வெட்டி விரிக்க வேண்டும், பறவையை எடுத்துவிட்டு முழுக் கறுப்பாக்க வேண்டும், பானெட்டுக்கு மேலே நிற்கும் காற்றுக் கூண்டைத் திறந்துவிட வேண்டும். இவை மூன்றும் என் ஆசை. செய்யலாமா?

மூன்றும் ஒரே வகை வேலை என்று நினைக்காதீர்கள். ஒன்று திருகாணியோடு முடிந்துபோகும். இன்னொன்று பெயின்ட்டோடு போகும். மூன்றாவது காரின் எலும்பைத் தொடும்.

முதலில் உங்கள் வீட்டில் நிற்பது எந்தக் கார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆண்டில் 68,000-க்கும் மேற்பட்ட டிரான்ஸ் ஆம்கள் வெளிவந்தன. கறுப்பும் தங்கமுமாக வந்த சிறப்புப் பதிப்பு அவற்றில் ஒரு பங்குதான். கண்ணாடிக் கூரையோடு வந்த சிறப்புப் பதிப்புக்கு ஒய்82 என்று குறியீடு. அதே ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாடே இந்தக் கறுப்புக் காரைக் கேட்டது. சாதாரண டிரான்ஸ் ஆமுக்குக் கறுப்பு அடித்துத் தங்கக் கோடு ஒட்டியவர்கள் அன்று தொடங்கி இன்றுவரை ஏராளம். வண்டி எண்ணை (தொழிற்சாலையில் பொறித்த அடையாள எண், பதிவு எண் அல்ல) கொடுத்தால் தொழிற்சாலைப் பட்டியலின் நகலை அனுப்பும் ஆவணச் சேவை ஒன்று இருக்கிறது. பி.எச்.எஸ். என்பார்கள். அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் வரை எந்தப் பட்டறைக்காரருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாளில் ஒய்82 இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காற்றுக் கூண்டு பானெட்டில் பொருத்தப்பட்டதல்ல. அது எஞ்சினின் மேல் உட்கார்ந்து, பானெட்டில் உள்ள ஓட்டை வழியாகத் தலையை நீட்டுகிறது. எஞ்சின் உதறும்போது அதுவும் உதறுவதால்தான் ஷேக்கர் என்று பெயர். தொடக்கத்தில் அதன் பின்வாய் திறந்து காற்றை உள்ளே விட்டது. இரைச்சல் கட்டுப்பாடு வந்ததும் 1973 முதல் அதை அடைத்துவிட்டார்கள். திறந்துவிட நினைப்பது நியாயமான ஆசைதான். ஆனால் உங்கள் காரோடு பிறந்த கூண்டை அறுக்காதீர்கள். புதிதாக வார்த்த நகல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி அறுத்துப் பொருத்திவிட்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

பறவை வெறும் ஒட்டுப்படம். நகல்கள் இன்றும் விற்கின்றன, எடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு அடியில் இருக்கும் பெயின்ட்தான் கவலை. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, தின்னரில் கரையும் அக்ரிலிக் லாக்கர் அடித்தார்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் லாக்கர் தின்னரைத் தொட்டு, டிக்கி மூடியின் உள்விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் அது பழைய லாக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். இறங்காவிட்டால் பின்னாளில் யாரோ வேறு பெயின்ட் அடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் தாராளமாக முழுக் கறுப்பாக்குங்கள். பழைய லாக்கர் என்றால், விரிசல் விட்டிருந்தாலும் தொடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். தொழிற்சாலையில் அடித்தது ஒரே ஒரு முறைதான். அதை மீண்டும் வாங்க எந்தக் கடைக்கும் போக முடியாது.

பின் மட்கார்டை வெட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கழற்றி வைத்துவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் மாட்டலாம். பின்பக்கம் உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது, கூரைத்தூணும் டிக்கித் தரையும் அதோடு பிணைந்திருக்கின்றன. உங்கள் காரில் இன்னொன்றும் உண்டு. கூரையில் கண்ணாடி பொருத்துவதற்காக ஹர்ஸ்ட் நிறுவனத்தார் ஏற்கெனவே தகட்டை வெட்டியிருக்கிறார்கள். அதனால் உடலின் விறைப்பு அப்போதே கொஞ்சம் குறைந்துவிட்டது. அதில் மேலும் கத்தி வைத்தால் கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இராது. அகல டயர்தான் குறிக்கோள் என்றால் 8 அங்குல அகல வீலில் 255/60 டயரைப் பின்னால் போட்டுப் பாருங்கள். மட்கார்டை வெட்டாமலேயே உட்காரும்.

ஹூஸ்டனில் பட்டறை வேலை பழகும் வாசகர்: ஒரு சாதாரண 1969 காமரோவில் கதவுக் கைப்பிடிகளை எடுத்துவிட்டு ஓட்டைகளை மூடச் சொல்லியிருக்கிறார்கள். ஈயமா, பட்டியா (பள்ளம் நிரப்பும் பசை)?

சாதாரணக் கார், உரிமையாளரின் ஆசை. தயங்காமல் செய்யுங்கள் தம்பி. காரில் கைவைக்கவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

ஈயமானாலும் பட்டியானாலும் அது ஓட்டையை மூடுவதற்கு அல்ல. அதே கனமுள்ள தகட்டை ஓட்டையின் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, எதிரெதிரே புள்ளி புள்ளியாக வெல்டிங் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் கதவுத் தகடு அப்பளம்போல் நெளியும்.

கோயம்புத்தூரில் டிங்கர் வேலை பழகிய நாளில் எனக்குப் பட்டிதான் தெரியும். டெட்ராய்ட் அருகே வேலைக்கு வந்த பிறகுதான் ஈயம் கற்றேன். 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த கம்பி. தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, பூச்சுப் பசை தடவி, சூடுகாட்டித் துணியால் இழுத்தால் வெள்ளி நிறத்தில் ஒரு படலம் பிடிக்கும். அதன் மேல் கம்பியைக் காட்டினால் சொட்டாகவும் விழாது, ஓடவும் செய்யாது. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 250 டிகிரியைத் தாண்டும் வரை வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். அந்தப் பதத்தில், தேன்மெழுகு தேய்த்த மரக்கட்டையால் தள்ள வேண்டும். தீயைக் கொஞ்சம் அதிகம் காட்டினால் மொத்தமும் காலடியில் கொட்டும். குறைத்தால் மணல்போல் உதிரும். சரியாக வந்தால் கட்டை நகரும்போது ஈயத்தின் மேல் ஒரு மினுமினுப்பு ஓடி அடங்கும். அதைப் பார்ப்பதற்காகவே எத்தனையோ மாலைகள் வீட்டுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

அரத்தால் மட்டும் சீவுங்கள், கிரைண்டர் வேண்டாம். ஈயத் தூசி மூச்சில் போகக் கூடாது. கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். பசையின் அமிலம் தங்கிவிட்டால் சில மாதங்களில் பெயின்ட் கொப்புளிக்கும்.

வெல்டிங் ஒழுங்காக இருந்தால் மெல்லிய பட்டியும் போதும். இன்றைய பட்டி நல்ல பொருள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் தவறு பட்டியில் இல்லை, தகட்டு வேலையில் இருக்கிறது. கதவைத் திறக்க மின்விசை வைப்பீர்கள். பேட்டரி இறங்கினாலும் வெளியிலிருந்து இழுத்துத் திறக்க மறைவாக ஒரு கம்பியும் விடுங்கள்.

கோவையிலிருந்து பொறியியல் மாணவர்: ஐயா, 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவின் பின் இறக்கை ஏன் அவ்வளவு உயரம்? டிக்கி திறப்பதற்காக என்கிறார்களே?

டிக்கி மூடி அந்த இறக்கைக்கு அடியில் முழுதாகத் திறக்கும். நானே திறந்திருக்கிறேன். அதே நேரத்தில், 23 அங்குல உயரத்தில் கூரை கலைத்த காற்று குறைவு, இறக்கைக்குத் தெளிந்த காற்று கிடைக்கும். ஆனால் தம்பி, எல்லோரும் இறக்கையையே பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், பின் கண்ணாடியைப் பாருங்கள்.

சாதாரண சார்ஜரில் பின் கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும். பார்க்க அழகு. கார் பந்தயத்தில் அந்தப் பள்ளத்தில் காற்று சுழன்று காரின் பின்பக்கத்தைத் தூக்கியது. முன்பக்கக் கிரில்லும் குகைபோல் உள்வாங்கியிருந்தது. அதனால் முதலில் சார்ஜர் 500 வந்தது: பள்ளத்தை எஃகுத் தகட்டால் மூடி, கண்ணாடியைச் சமமாக வைத்து, டிக்கி மூடியைக் குட்டையாக்கி, முன்னால் 1968 கரோனெட்டின் கிரில்லைப் பொருத்தினார்கள். அதுவும் போதவில்லை. அதன் மேல் 18 அங்குல எஃகு மூக்கும் அலுமினிய இறக்கையும் சேர்ந்ததுதான் டேடோனா. அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் விதிப்படி 500 கார்களாவது பொதுமக்களுக்கு விற்க வேண்டும். 503 செய்தார்கள். இந்த மாற்றங்களைச் செய்தது டெட்ராய்ட்டின் கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரீஸ். சாதாரண சார்ஜர்களை வரவழைத்து, ஆட்கள் கையால் மாற்றினார்கள். 1970 மார்ச் 24 அன்று டாலடேகா பந்தயத் தடத்தில் பட்டி பேக்கர் என்ற பந்தய ஓட்டுநர் ஒரு டேடோனாவை மணிக்கு 200.447 மைல், அதாவது சுமார் 323 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். நாஸ்கார் வரலாற்றில் 200 மைலைத் தாண்டிய முதல் ஓட்டம் அது.

அடுத்து, அதே போன்ற மூக்கும் இறக்கையும் கொண்ட பிளிமத் சூப்பர்பேர்ட் வந்தபோது விதி மாறியிருந்தது. இரண்டு விற்பனையாளருக்கு ஒரு கார் என்ற கணக்கில் 1,900-க்கும் மேல் தேவைப்பட்டது. டேடோனாவின் கண்ணாடி ஓரத்து இணைப்புகளை ஈயம் பூசி வழித்திருந்தார்கள். சூப்பர்பேர்டில் அதற்கு நேரமில்லை. இணைப்பைக் கரடுமுரடாகவே விட்டு, கூரை முழுவதும் கறுப்பு வினைல் ஒட்டி மறைத்தார்கள். சாலைக்கு வந்த சூப்பர்பேர்டுகளுக்கெல்லாம் வினைல் கூரை இருப்பதற்குக் காரணம் இதுதான். விற்காமல் தேங்கிய சில கார்களின் மூக்கையும் இறக்கையையும் விற்பனையாளர்களே கழற்றிவிட்டு, அதன் மூல மாடலான சாதாரண ரோட் ரன்னராக விற்றதும் உண்டு.

2003-இல் நான் வேலை செய்த பட்டறைக்கு ஒரு சூப்பர்பேர்ட் வந்தது. வினைலை உரித்ததும் அடியில் இணைப்பு மேடும் பள்ளமுமாக, அரம் போன தடத்தோடு தெரிந்தது. யாரோ அவசரத்தில் விட்டுப்போன வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, விரல் வைத்தால் தெரியாத அளவுக்கு வழித்துச் சமமாக்கினேன். உரிமையாளர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. கூரையின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அந்தத் தடங்களைப் படம் எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். எடுத்திருக்கவில்லை. 1969-இன் கடைசி மாதங்களில், ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கையை எட்ட ஓடிய தொழிலாளி ஒருவரின் கைத்தடம் அது. அதை நான் அழித்துவிட்டேன். அன்றிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்பும் படம் எடுக்கிறேன். என்னிடம் வேலை பழகுகிறவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் ஒரு டேடோனாவுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். உண்மையானதா, நகலா என்று எப்படி அறிவது?

நகல் என்று சொல்லி நகலின் விலைக்கு விற்றால் அதில் பிழை ஏதுமில்லை, அம்மா. நன்றாகச் செய்த நகல்களை மனதாரப் பாராட்டியிருக்கிறேன். உண்மை என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

வண்டி எண் எக்ஸ்எக்ஸ்29 என்று தொடங்க வேண்டும். எக்ஸ்பி29, எக்ஸ்எஸ்29 என்றிருந்தால் அது வேறு சார்ஜரிலிருந்து செய்தது, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எக்ஸ்எக்ஸ்29 இருந்தாலும் முடிந்துவிடவில்லை. சார்ஜர் 500-க்கும் அதே தொடக்கம்தான்.

பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். இறக்கையின் பாரத்தைத் தாங்க உள்ளே முட்டுச் சட்டங்கள் இருக்க வேண்டும். டார்ச்சை மேலே அடித்து, கண்ணாடிக்குக் கீழே தகடு சேரும் இடத்தை அடியிலிருந்து பாருங்கள். வெளியே எவ்வளவு அழகாகப் பூசியிருந்தாலும் உள்பக்கம் மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மூக்குக்குக் காந்தம் போதும். தொழிற்சாலை மூக்கு எஃகு. நகல்களில் பல கண்ணாடி இழையில் வார்த்தவை, அவற்றில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உடனே நம்பிவிட வேண்டாம். எஃகிலும் நகல் செய்யலாம். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள், பிடி தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறிய காந்தமே போதும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், பெயின்ட்டில் கீறல் விழாது.