தமாலே ஏன் உதிர்ந்துபோகிறது?

கேள்வி: மெக்சிகோவின் தமாலே செய்ய ஆசைப்பட்டு, மக்காச்சோள மாவைப் பிசைந்து, கதிர் உறையில் மடித்து ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன். பிரித்ததும் உதிர்ந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையா, நேரம் போதவில்லையா?

பதில்: இரண்டும் இல்லை, மாவுதான் வேறு. நீங்கள் வாங்கியது சோளத்தை அப்படியே அரைத்த மாவு. தமாலேவுக்கு வேண்டியது சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் மாவு. மெக்சிகோவில் உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, காலையில் மணியின் தோல் வழுக்கிக்கொண்டு வரும்வரை கழுவி அரைப்பார்கள். நிக்ஸ்டமால் என்பது இந்தச் சோளம்தான். சுண்ணாம்பு தோலை இளக்கி, மாவுக்கு ஒட்டும் தன்மையைக் கொடுக்கிறது. அது படாத மாவை எவ்வளவு பிசைந்தாலும் பிடித்து நிற்காது.

இது பதத்துக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை. சோளத்தில் இருக்கும் நியாசின் என்கிற பி3 வைட்டமின் உடம்பில் சேரும்படி விடுபடுவதும் இந்தச் சுண்ணாம்பால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளையும் நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வதைத்தது. மெக்சிகோவில் ஒவ்வொரு அடுப்படியிலும் இருந்த மருந்து அந்தச் சுண்ணாம்பு. யாராவது அந்த அடுப்படிப் பெண்களிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

சரி, உங்கள் சமையலுக்கு வருவோம். பாக்கெட்டில் ‘மாசா ஹரினா’ என்று போட்டிருந்தால் அது சுண்ணாம்பில் பதப்படுத்திய மாவு. தமாலேவுக்கென்றே கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். சோளத்திலிருந்து தொடங்குவதானால் 1 கிலோ உலர்ந்த சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். உணவுக்கென்று விற்கும் நீற்றிய சுண்ணாம்பாக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும்.

கேள்வி: தமாலே மாவில் போடும் பன்றிக் கொழுப்பை எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம், அதில் காற்று நிற்காது. தமாலே பஞ்சு மாதிரி வருவதே கொழுப்புக்குள் அடித்து ஏற்றிய காற்றால்தான். 500 கிராம் மாசா ஹரினாவுக்கு 250 கிராம் வெண்ணெய் எடுத்து, முதலில் அதை மட்டும் வெளுத்துப் பொங்கும்வரை அடியுங்கள். அப்புறம் உப்பும் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கலந்த மாவையும், காய்கறி வேகவைத்த வெதுவெதுப்பான நீரையும் மாற்றி மாற்றிச் சேர்த்து அடித்துக்கொண்டே இருங்கள். மெக்சிகோ நகரத்தில் நான் குடியிருந்தபோது கீழ்வீட்டு அம்மா கையாலேயே அடிப்பார். தோள்பட்டை வரை வேலை வாங்கும். நடுநடுவே ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்ப்பார். மூழ்கினால் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி அடிக்கத் தொடங்கிவிடுவார். மிதந்தால்தான் உறையைக் கையில் எடுப்பார். பச்சை மாவில் உப்பு ஒரு பங்கு தூக்கலாகத் தெரிய வேண்டும், வெந்ததும் மட்டுப்படும்.

உள்ளே வைக்க, சுட்டுத் தோலுரித்து நீளமாகக் கிழித்த பொப்லானோ என்கிற காரம் குறைந்த பெரிய மிளகாயும் பாலாடைக்கட்டியும் போதும். அங்கேயே நாள்தோறும் விற்கிற வகை அது.

கேள்வி: வேகும்போது மூடியைத் திறக்காமல் தண்ணீர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பாத்திரத்தின் அடியில் தண்ணீரோடு ஒரு சுத்தமான நாணயத்தைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை கடகடவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஓரமாகக் கொதிநீர் ஊற்றுங்கள். உறைகளை முதலிலேயே வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போதே கிழியும். மடித்ததைத் திறந்த வாய் மேலே பார்க்க நிற்கவைத்து, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உறையில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஆனால் இறக்கிய உடனே பிரித்தால் வெந்ததுகூட ஒட்டும், கால் மணி நேரம் பொறுங்கள். மிஞ்சியதை மறுநாள் உறையோடு வெறும் தோசைக்கல்லில் போட்டுப் புரட்டினால், அடி லேசாக முறுகி இன்னும் நன்றாக இருக்கும்.