எரிக்கிறதுக்கு மரப்பெட்டி வாங்கியே ஆகணுமா?

கேள்வி: நியூஜெர்சில இருக்கோம். எங்ககூட இருக்க வந்த அப்பா முந்தாநாள் தவறிட்டார். தகனம் பண்ண 2,800 டாலர் காஸ்கெட், அதாவது சவப்பெட்டி, வாங்கியே ஆகணும், அதுதான் சட்டம்னு இறுதிச்சடங்கு நடத்திக் குடுக்கிற ஃபியூனரல் ஹோம்ல சொல்றாங்க. வெளியில வாங்கினா 400 டாலர் ஹேண்ட்லிங் சார்ஜாம். நிஜமா சார்?

பதில்: அப்பா போன துக்கத்துல இப்படி ஒரு கணக்கு பாக்க வேண்டியிருக்கேன்னு மனசு கஷ்டமா இருக்கு தம்பி. நிஜமில்ல. எரிக்கிறதுக்கு காஸ்கெட் வேணும்னு அமெரிக்காவுல எந்த ஸ்டேட்லயும் சட்டம் கிடையாது. 1984ல இருந்து ஃபெடரல் டிரேட் கமிஷன்னு நுகர்வோரைப் பாதுகாக்கிற அரசு அமைப்போட ஃபியூனரல் ரூல் அமல்ல இருக்கு, அதுப்படி பார்வைக்கு வைக்காம நேரா தகனம் பண்ணிக் குடுக்கிற ஃபியூனரல் ஹோம் எதுவா இருந்தாலும் ஆல்டர்னேட்டிவ் கன்டெய்னர்னு ஒண்ணு, அதாவது கெட்டி அட்டையோ பாலிஷ் போடாத மரமோ, வச்சிருந்தே ஆகணும், காஸ்கெட்தான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தவே கூடாது. ஹேண்ட்லிங் சார்ஜும் அதே ரூல்படி தப்பு, நீங்க வெளியில வாங்கிட்டு வந்தா பேசாம ஏத்துக்கணும்.

நாளைக்குப் போனதும் ஜெனரல் பிரைஸ் லிஸ்ட், அதாவது அவங்க விலைப்பட்டியல், கேளுங்க, நேர்ல கேட்டா கையில குடுத்துதான் ஆகணும். அப்புறம் "எந்த சட்டம்னு பில்லுலயே எழுதிக் குடுங்க"ன்னு சொல்லுங்க, சட்டத்தைக் காட்டி ஒரு பொருளை வாங்கச் சொன்னா அந்த சட்டம் என்னன்னு எழுத்துல குடுக்கணும்னு ரூல்லயே இருக்கு. இதைக் கேட்டதும் பாதிப் பேரு இறங்கி வந்துடுவாங்க. வரலைன்னா கமிஷன்ல புகார் குடுங்க, ஒரு மீறலுக்கே 50,000 டாலருக்கு மேல அபராதம் போட முடியும்.

சொந்தக்காரங்க முகம் பாக்கணும், வாய்க்கரிசி போடணும்னா வாடகை காஸ்கெட் கிடைக்குதான்னு கேளுங்க. வெளிப்பெட்டி அவங்களோடது, உள்ள இருக்கிற அட்டைப்பெட்டி மட்டும்தான் அப்பாவோட போகும். அட்டைன்னதும் அப்பாவுக்குக் குறை வச்சுட்டோமோன்னு நினைக்காதீங்க. ஒரு குடும்பத்துக்காக நான் கூடப் போயிருந்தேன், அந்த அம்மா பெட்டி தெரியாம வீட்டுக்காரரோட பட்டுவேட்டிய மேல விரிச்சு, ஓரத்தை நாலு பக்கமும் மடிச்சு சொருகினாங்க, பாக்க அவ்வளவு நிறைவா இருந்துச்சு.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, சூட்டுல வெடிக்கும், அதை எடுத்துட்டுதான் உள்ள வைப்பாங்க.