ஆப்பிரிக்க நாடுகளின் குரலுக்கு உலக அரங்கில் உண்மையிலேயே மதிப்பு உண்டா?

ஆப்பிரிக்காவிலிருந்து 54 நாடுகள் ஐ.நா.வில் இருக்கின்றன, பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் ஒன்றுகூடக் கிடையாது. அதை மட்டும் பார்த்தால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நான் கொஞ்சம் தள்ளி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வேன்.

1960-ல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் அங்கே தென்னாப்பிரிக்கா மீது வழக்குப் போட்டன. இன்றைய நமீபியா அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. அங்கும் நிறவெறியைப் புகுத்துகிறார்கள் என்பது முக்கியப் புகார். வழக்கு ஆறு வருடம் இழுத்தது. 1966-ல் நீதிபதிகள் 7-7 என்று பிரிய, தலைவரின் கூடுதல் ஓட்டில் தள்ளுபடி ஆனது. நிறவெறி சரியா தப்பா என்ற பேச்சையே நீதிமன்றம் எடுக்கவில்லை. இதைக் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

இனி காம்பியா. மூன்று பக்கமும் செனகல் சூழ, ஒரு ஆற்றின் இரு கரையாக நீளும் நாடு. மக்கள்தொகை சுமார் 25 லட்சம். 22 வருடம் ஆண்ட யாஹ்யா ஜாமே 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு படையை அனுப்பிய பிறகுதான் கிளம்பினார். (பக்கத்து நாடுகளே கூடி இப்படி ஒருவரை இறக்கியது மற்ற கண்டங்களில் அடிக்கடி நடப்பதல்ல.)

அடுத்து வந்த அரசில் நீதி அமைச்சர் அபுபக்கர் தம்படு. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். 2018-ல் வங்கதேச முகாமில், மியான்மர் ராணுவத்துக்குத் தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் சொன்னதைக் கேட்டபோது அவருக்கு ருவாண்டாதான் ஞாபகம் வந்ததாம். 2019 நவம்பரில் காம்பியா, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு, 1948-ன் இனப்படுகொலை உடன்படிக்கையை வைத்து மியான்மர் மீது வழக்குத் தொடுத்தது.

மியான்மர் தரப்பு கேட்டதும் அதே பழைய கேள்விதான்: காம்பியாவுக்கு இதில் என்ன பாதிப்பு? இந்தத் தடவை பதில் வேறு. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும் கேட்கலாம் என்று 2022 ஜூலையில் 15-1 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒருமனதாக இடைக்கால உத்தரவும் வந்திருந்தது.

அதனால் ரோஹிங்கியாக்கள் நிம்மதியாக வீடு திரும்பிவிட்டார்களா? இல்லை. நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீசும் கிடையாது, படையும் கிடையாது. அப்போதைய அரசின் தலைவியாக மியான்மருக்காக வாதாட ஹேக் வரை போன ஆங் சான் சூகியையே 2021-ல் அந்த நாட்டு ராணுவம் பிடித்து உள்ளே போட்டது. அப்படிப்பட்டவர்கள் ஒரு உத்தரவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வழி திறந்துவிட்டது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை ஜி20-ல் சேர்த்ததைப் பெரிய திருப்பம் என்று எழுதினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது மற்றவர்கள் கூப்பிட்டுக் கொடுத்த நாற்காலி. எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிவது அதே வருடம் டிசம்பர் 29 அன்று நடந்தது. காசா விவகாரத்தில் இஸ்ரேல் மீது ஒரு நாடு வழக்குத் தாக்கல் செய்தது, காம்பியா வென்ற அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு. வழக்குப் போட்ட நாடு தென்னாப்பிரிக்கா.