மனிதக் கை பட்ட காடு

வணக்கம்.

டொமினிக்கா தீவில் முதுகுப்பையோடு தனியாகச் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கரீபியன் என்றாலே வெள்ளை மணலும் சொகுசு விடுதியும்தான் என்று நினைத்திருந்தேன். உங்கள் படங்களைப் பார்த்தால் மனிதக் கை படாத சொர்க்கமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு நானும் தனியாகப் போக ஆசைப்படுகிறேன், வீட்டில்தான் தயங்குகிறார்கள். வாடகைக் கார் இல்லாமல் சுற்ற முடியுமா? எதைத் தவறவிடக் கூடாது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

போய் வாருங்கள். ஆனால் ‘மனிதக் கை படாத’ என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அதோடு போனால் தீவில் பாதி உங்கள் கண்ணில் படாது.

டொமினிக்காவின் மொத்தப் பரப்பே சுமார் 750 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 1,447 மீட்டர் உயர மலை நிற்கிறது. சமதரை மிகக் குறைவு. பக்கத்துத் தீவுகளான குவாதலூப், மார்ட்டினிக் அளவுக்கு இங்கே கரும்புத் தோட்டங்கள் பரவாமல் போனதற்கு இந்தச் செங்குத்துதான் பெரிய காரணம். 1748இல் பிரிட்டனும் பிரான்சும் இந்தத் தீவை அதன் பூர்வகுடிகளான கலினாகோ மக்களுக்கே விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டன. பதினைந்தே ஆண்டுகளில், 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில், அது பிரிட்டன் கைக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் தப்பியவர்கள் மலைக்காட்டுக்குள் குடியேறினார்கள். அவர்களை மரூன்கள் என்பார்கள். லாயூ ஆற்றுப் பக்கம் பாறைச் சரிவில் அவர்கள் வெட்டிய படிகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் ஆளை மூச்சிரைக்க வைக்கும் உயரம். துரத்தி வரும் சிப்பாய்கள் ஒவ்வொருவராகத்தான் ஏற முடியும் என்பதற்காகவே அப்படி வெட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அங்கே முகாமிட்டிருந்த ஜாக்கோ என்ற தலைவர் 1814இல் கொல்லப்பட்டார். அந்தப் படிகளில் ஏறிய பிறகு, அந்தக் காட்டை வெறும் காடாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

தெற்கே ஸ்காட்ஸ் ஹெட்டில் தொடங்கி வடக்கே கப்ரிட்ஸ் வரை நீளும் வைட்டுகுபுலி நடைபாதையும் அப்படித்தான். 14 பகுதிகள், 180 கிலோமீட்டருக்கு மேல். அதில் பல இடங்கள் கலினாகோக்களும் மரூன்களும் நடந்து உண்டாக்கிய பழைய தடங்கள். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல், புயல்களில் உச்ச வகையான ஐந்தாம் வகை வேகத்தில் தீவைக் கடந்தபோது மலைகள் இலையின்றிப் பழுப்பாகிவிட்டன. சேதத்தின் மதிப்பு, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். விழுந்த மரங்களை அறுத்து, சரிந்த மண்ணை ஒதுக்கி, பாதையைத் துண்டு துண்டாகத் திறந்தார்கள். நீங்கள் படத்தில் பார்த்த பச்சை அதற்குப் பிறகு துளிர்த்தது.

கார் தேவையில்லை. தலைநகர் ரோசோவிலிருந்து மினிபஸ்கள் ஓடுகின்றன. நம்பர் பலகை H என்ற எழுத்தில் தொடங்கும். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால் புறப்படும். ஏறியதும் எல்லோருக்கும் கேட்கும்படி ‘குட் மார்னிங்’ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் உட்காருவது அங்கே மரியாதைக் குறைவு. சொன்னால் இறங்க வேண்டிய இடத்தை முழு வண்டியும் உங்களுக்காக நினைவில் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி மிக அரிது, அன்று ஓய்வெடுங்கள்.

வீட்டாரின் தயக்கத்துக்கு என் பதில்: நான் அங்கே பயந்தது மனிதர்களுக்கு அல்ல, மழைக்குத்தான். மேலே பெய்த மழையில் சின்ன ஓடைகூடச் சட்டென்று பெருகிவிடும். கொதிக்கும் ஏரிக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே போகாதீர்கள். லோடா கிராமத்துக்கு மேலே தொடங்கும் அந்த வழி, போக வர ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். நடுவில் கந்தக நாற்றமும் நீராவியுமாக ஒரு பள்ளத்தாக்கு. கால் வைக்கும் இடத்தை வழிகாட்டி ஒவ்வோர் அடியாகக் காட்டினார், தவறினால் வெந்நீர்ச் சேறு. அதைத் தாண்டினால் சுமார் 60 மீட்டர் அகலத்தில் சாம்பல்நீல நீர் நடுவில் குமிழியிட்டுக் கொதிக்கிறது, உலைப்பானைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. 2004 இறுதியில் இந்த ஏரி வற்றி, சில மாதங்களில் மறுபடி நிரம்பியது. காற்று ஆவியை விலக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

தவறவிடக் கூடாதது என்று ஒன்றைக் கேட்டால், ஏரியைவிடக் கிழக்குக் கரையின் கலினாகோ பகுதியைத்தான் சொல்வேன். 1903இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய சுமார் 3,700 ஏக்கர். நிலம் அத்தனையும் ஊர்ப் பொதுச் சொத்து. தனிப்பட்டா இல்லாததால் அதை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்க முடியாது. ஆகவே பயணி கொடுக்கும் வாடகையும் கூடைக்குக் கொடுக்கும் விலையும் அங்கே உண்மையிலேயே கணக்கில் வரும். பலர் காரில் வந்து, கூடை முடைவதைப் படமெடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்புகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. நீங்கள் ஒரு வீட்டில் இரவு தங்குங்கள். காலையில் மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, இரும்புத் தட்டில் ரொட்டி சுடுவதைக் கூட இருந்து பாருங்கள், சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போவது நல்லது, மழை குறைவு. ஜூனில் புயல் காலம் தொடங்கிவிடும்.