விடுதியில் கொலை செய்துவிட்ட சாகசக் குழுவைப் பிடிக்க யார் வருவார்கள்?

கேள்வி: நண்பர்களுக்காக ஒரு ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேம்பெயின் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பல அமர்வுகளில் ஆடும் தொடர் கதை ஆட்டம்) நடத்துகிறேன். உலகம் கற்பனை என்றாலும் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை அடித்தளமாக வைத்திருக்கிறேன். சென்ற ஆட்டத்தில் எங்கள் குழுவினர் ஒரு கிராமத்து விடுதியில் மாவு ஆலைக்காரனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அவன்தான் முதலில் கத்தியை எடுத்தான் என்கிறார்கள். காவலர்களை அனுப்பிப் பாதாளச் சிறையில் அடைக்க நினைத்தேன். "காவலர்களையும் வெட்டிவிட்டுப் போவோம்" என்று சிரிக்கிறார்கள். அக்காலச் சட்டப்படி உண்மையில் என்ன நடந்திருக்கும்? குழுவில் ஒருவர் மதகுரு. அவருக்கு மட்டும் ஏதாவது விலக்கு உண்டா?

பதில்: முதலில் அந்தக் காவலர்களைக் கதையிலிருந்து நீக்கிவிடுங்கள். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமத்தில் சம்பளத்துக்குக் குற்றவாளிகளைப் பிடிக்கும் படை என்று ஒன்று இருந்ததில்லை. உங்கள் நண்பர்கள் வெட்டிச் சாய்க்க நினைக்கும் அந்தக் காவலர்கள், பெரும்பாலான ஆட்ட நூல்களில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொண்டே வந்த பாத்திரங்கள். உண்மையில் வரப்போகிறவர்கள் விடுதிக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள்: கொல்லன், தச்சன், விதைத்துக்கொண்டிருந்த உழவன். கொலையைக் கண்டவர் கூக்குரல் எழுப்பவேண்டும். அது காதில் விழுந்தவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுக் கையில் கிடைத்த ஆயுதத்தோடு துரத்தவேண்டும். துரத்தாதவர்களுக்கு அபராதம் உண்டு. நீதியின்மேல் இருந்த பற்றைவிட, பின்னாளில் அரசரின் நீதிபதிகள் அந்தக் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) வந்து பழைய கணக்குகளைப் புரட்டும்போது ஊரே பணம் கட்டவேண்டியிருக்கும் என்ற அச்சம்தான் அவர்களை ஓடவைத்தது.

பன்னிரண்டு வயதைக் கடந்த ஆண்கள் பெரும்பாலான இடங்களில் பத்துப் பேர் கொண்ட பிணைக் குழுக்களில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடினால், அவனைக் கொண்டுவந்து நிறுத்த முடியாத மற்றவர்கள் அபராதம் கட்டினார்கள். ஊர் ஊராகச் சுற்றும் உங்கள் சாகசக்காரர்கள் எந்தக் குழுவிலும் இல்லை என்பதால், அவர்களுக்கு இடம் கொடுத்த விடுதிக்காரர்தான் மாட்டிக்கொள்வார். இரண்டு இரவுகள் தங்குபவன் விருந்தாளி, மூன்றாம் இரவும் தங்கிவிட்டால் வீட்டாளாகவே கருதப்படுவான், அவன் செய்ததற்கு வீட்டுக்காரர் பதில் சொல்லவேண்டும் என்பது அக்காலத்து வழக்கு. எனவே, அவர்கள் அங்கே எத்தனை இரவு தங்கினார்கள் என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த விடுதிக்காரர் நண்பராக இருப்பாரா, எதிரியாக இருப்பாரா என்பதை அந்த எண்ணே தீர்மானித்துவிடும்.

துரத்துகிறவர்களையும் வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். வெட்டலாம், ஓடிப்போகவும் செய்யலாம். ஆனால் மாதாமாதம் கூடும் கவுண்டி நீதிமன்றம் அவர்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் பெயர் சொல்லி அழைக்கும். நான்கைந்து கூட்டங்களுக்கு வராமல் போனால் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்துவிடும். அதன்பின் அவர்களின் பொருள்கள் அரசருடையவை. அவர்களுக்குச் சோறு போடுகிறவரும் குற்றவாளி. குழுவின் பண மூட்டையையும் குதிரைகளையும் வாங்கி வைத்த வீட்டையும் கணக்கெடுத்துப் பறிக்க ஒருவர் வருகிறார் என்றால், இருபது காவலர்களைக் கண்டு அஞ்சாத வீரனும் யோசிப்பான்.

அடுத்து வருபவர் கொரோனர், அதாவது திடீர் மரணங்களை விசாரிக்கும் அரசரின் அதிகாரி. 1194இல் உருவாக்கப்பட்ட பதவி இது. அவர் வரும்வரை பிணத்தைப் புதைக்கக்கூடாது. பிணத்தை முதலில் கண்டவர் பின்னாளில் நீதிபதிகள் முன் நிற்பதற்குப் பிணை கொடுக்கவேண்டும். சுற்றுவட்டாரத்து ஊர்களின் ஆட்களை வைத்து அவர் விசாரிப்பார், காயத்தின் நீளத்தையும் ஆழத்தையும் குறிப்பார், கொலைக்குப் பயன்பட்ட கத்திக்கும் விலை போடுவார். இவ்வளவும் வழக்கைத் துப்புத் துலக்குவதற்காக என்று எண்ணிவிடவேண்டாம். எதிலிருந்து அரசருக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்பதே பாதி வேலை. கொரோனர்கள் தங்கள் கடமையைச் செய்வதற்கு யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது என்று 1275இல் சட்டம் போடவேண்டியிருந்தது என்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கவுண்டிகளில் அரசரின் நிர்வாகத்தை நடத்திய ஷெரிஃப்களின் யோக்கியதையோ, 1170இலேயே இரண்டாம் ஹென்றி அவர்கள்மீது நாடளாவிய விசாரணை வைத்துப் பெரும்பாலானவர்களைப் பதவியிலிருந்து தூக்கும் அளவுக்கு இருந்தது. உங்கள் கதைக்கு வில்லன் வேண்டுமென்றால் கறுப்பு மந்திரவாதியைத் தேடி அலையவேண்டாம்; பிணத்தைப் பார்க்க வருவதற்கே காசு கேட்கும் கொரோனரின் எழுத்தர் போதும். "எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிடுகிறேன்" என்று விடுதி வாசலில் வந்து நிற்கும் உள்ளூர்த் தரகரையும் அவரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ரகத்துக்குக் காலம் தேசம் என்ற பாகுபாடு இல்லை.

இனி உங்கள் நண்பர்கள் நம்பியிருக்கும் தற்காப்பு வாதம். இன்றைய சினிமா பழக்கத்தில், "அவன்தான் முதலில் கத்தியை எடுத்தான்" என்று சொன்னால் நீதிபதி விடுதலை என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடக்காது. தற்காப்புக்காகக் கொன்றான் என்று ஜூரி சொன்னாலும் அவன் விடுதலையாவதில்லை. மீண்டும் சிறைக்குப் போய் அரசரின் மன்னிப்புக்குக் காத்திருக்கவேண்டும். 1278ஆம் ஆண்டு கிளஸ்டர் சட்டம் இதை எழுத்தில் வைத்தது. மன்னிப்பு பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் உடைமைகள் போய்விடும். குற்றமற்றவன் என்றே தீர்ப்பு வந்தாலும், சம்பவத்துக்குப் பின் ஓடியிருந்தால் அந்த ஓட்டத்துக்காகவே பொருள்களை இழக்க நேரும். இதில் கவனிக்கவேண்டியது ஜூரி. அந்தப் பன்னிரண்டு பேர் விவரம் தெரியாமல் வந்து உட்கார்ந்து சாட்சியம் கேட்கிறவர்கள் அல்ல. நடந்ததை ஊர்ப்பேச்சிலிருந்து ஏற்கெனவே அறிந்தவர்கள். ஒருவனைக் காப்பாற்ற விரும்பினால், பின்னால் சுவர், விலக வழியில்லை, உயிர் தப்ப வேறு வகையில்லை என்று சம்பவத்தையே சற்று வளைத்துச் சொல்லிவிடுவார்கள். ஆகவே உங்கள் குழுவினர் அடுத்த ஆட்டத்தில் வாளைச் சுழற்றுவதைவிட அந்தப் பன்னிரண்டு பேரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிப்பதே பிழைக்கும் வழி. செத்தவன் மாவு ஆலைக்காரன் என்பது அவர்களுக்குச் சாதகம். ஆலைக்காரனை விரும்பிய கிராமம் அரிது.

தேவாலயத்துக்குள் ஓடிவிட்டால் நாற்பது நாள் பாதுகாப்பு உண்டு. குற்றத்தைக் கொரோனரிடம் ஒப்புக்கொண்டு நாட்டைத் துறப்பதாகச் சத்தியம் செய்தால், கையில் சிலுவையோடு, குறிக்கப்பட்ட துறைமுகத்துக்கு நடந்து போய்க் கப்பலேறிவிடலாம். கேம்பெயினை வேறு நாட்டுக்கு மாற்ற எண்ணமிருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதகுருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 1164இல் இரண்டாம் ஹென்றி குற்றம் செய்த மதகுருமாரைத் தன் நீதிமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தார். அதில் மூண்ட சண்டையில் 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டார். பழியிலிருந்து மீள, 1176இல் அரசர் பெரும்பாலும் இறங்கிவந்தார். எனவே மதகுருவாக இருப்பவரை பிஷப்பின் பிரதிநிதி நீதிமன்றத்துக்கு வந்து எங்கள் ஆள் என்று கேட்டு அழைத்துப் போகலாம். அப்போதும் அவர் குற்றவாளியா இல்லையா என்று ஜூரியிடம் அபிப்பிராயம் கேட்டு எழுதிக்கொண்டுதான் ஒப்படைப்பார்கள். பிஷப்பின் நீதிமன்றத்தில், அவர் குற்றமற்றவர் என்று சத்தியம் செய்யச் சக மதகுருக்கள் கிடைத்தால் தப்பிவிடுவார். கிடைக்காவிட்டால் பதவி பறிப்பும் பிஷப்பின் சிறையும் உண்டே தவிர, தூக்கு கிடையாது. இந்தச் சலுகைக்குப் பெரிய பூசாரியாக இருக்கவேண்டியதில்லை. கீழ்நிலைப் பட்டம் பெற்ற எழுத்தருக்கும் உண்டு. ஆனால் பிஷப்பின் ஆள் வந்து கேட்கவேண்டும், தலை மழிப்பும் உடையும் மதகுருவுக்கு உரியவையாக இருக்கவேண்டும். கவசம் பூண்டு தலைமுடி வளர்த்துக் கதாயுதம் சுழற்றும் உங்கள் நண்பர் அதை முதலில் விளக்கியாகவேண்டும். 1270களுக்குப் பிறகு கதை நடந்தால் இன்னொரு சிக்கல்: இரண்டாம் திருமணம் செய்தவரும் விதவையை மணந்தவரும் இந்தச் சலுகையை இழந்தார்கள். பைபிளின் சங்கீதப் பகுதியிலிருந்து ஒரு வரியை வாசித்துக் காட்டினால் தூக்கிலிருந்து தப்பலாம் என்று எல்லா ஆட்ட நூல்களும் எழுதுகின்றனவே, அந்த வாசிப்புச் சோதனை 14ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஒருமுறை தப்பியவரின் கட்டைவிரலில் சூடு போடுவது அதற்கும் பிந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது அவருக்கு மட்டும் உரியது, கூட்டாளிகளுக்கு இல்லை. ஒருவர் பிஷப்போடு போக, மூவர் தூக்குமேடையைப் பார்த்து நிற்கும் நிலையை மேசையில் உருவாக்கிப் பாருங்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. 'உண்மையான இடைக்காலச் சட்டம்' என்று பெயர் வைத்து இணையத்தில் விற்கப்படும் பிடிஎஃப் தொகுப்புகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐந்நூறு ஆண்டுகளின் வழக்கங்களையும் நான்கு நாடுகளின் தண்டனைகளையும் ஒரே பட்டியலில் கொட்டிப் பகடை உருட்டச் சொல்கிறார்கள். சூனியக்காரிகளை எரிக்கும் காட்சி அதில் கட்டாயம் இருக்கும். சூனிய வேட்டையின் உச்சம் இடைக்காலத்துக்குப் பிந்தியது, இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குக் கொடுத்த தண்டனையும் தூக்குதான். ஆளை உள்ளே வைத்து மூடும், முட்கள் பதித்த 'இரும்புக் கன்னி' என்ற சித்திரவதைப் பெட்டி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிவிடப்பட்ட கதை. கடவுளே தீர்ப்புச் சொல்வார் என்று நம்பிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கவைக்கும் சோதனை உண்மையில் இருந்ததுதான், ஆனால் 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதில் மதகுருமார் பங்கேற்கத் தடை விதித்ததும் இங்கிலாந்தில் அது நின்றுபோய், அந்த இடத்துக்கு ஜூரி வந்தது. உங்கள் உலகில் தெய்வங்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும் என்றால் இது வேறு கேள்வி ஆகிவிடுகிறது: உண்மையைச் சொல்லும் தெய்வம் கையருகே இருக்க, பன்னிரண்டு விவசாயிகளை ஏன் கேட்கவேண்டும், கேட்கக்கூடாது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? விற்பனைத் தொகுப்புகளில் ஒன்றுகூட இதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நல்ல மூலங்கள் இலவசமாகவே இருக்கின்றன என்பதுதான் எரிச்சல். 1887இல் தொடங்கப்பட்ட செல்டன் சங்கம், கொரோனர் சுருள்களையும் (கொரோனர்கள் எழுதிவைத்த பதிவுகள்) நீதிமன்றப் பதிவுகளையும் லத்தீனும் ஆங்கிலமுமாக அச்சிட்டது. அதன் பழைய தொகுதிகள் காப்புரிமை கடந்தவை. அதே ஸ்கேன்களை மங்கலாக அச்சடித்து ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன. மூலச் சுருள்களின் படங்களை ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் இணையதளம் இலவசமாகவே தருகிறது, ஆனால் சுருக்கெழுத்து லத்தீன் தெரியாதவருக்கு அவை வெறும் கீறல்கள். அவற்றை விளக்கும் ஆய்வுக் கட்டுரைகளோ, அரசுப் பணத்தில் எழுதப்பட்டுச் சந்தாக் கதவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் செல்டன் சங்கத்தின் கொரோனர் பதிவுத் தொகுதி ஒன்றை மட்டும் இறக்கிக்கொண்டு பத்துப் பக்கம் படியுங்கள். ஓர் ஆண்டு ஆட்டத்துக்கு வேண்டிய சண்டைகள் அதில் இருக்கின்றன.

அடுத்த ஆட்டத்தைப் பிணத்தைக் கண்ட பெண் கூவுவதிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் பிடிபட்டால் உடனே தீர்ப்புச் சொல்லவேண்டாம். சிறை அக்காலத்தில் பெரும்பாலும் விசாரணைக்குக் காத்திருக்கும் இடம், அங்கே சாப்பாட்டுக்கும் கைதியே வழிதேடவேண்டும். மூட்டையில் உள்ள பொன் குறையத் தொடங்கியதும், அரசரிடமிருந்து ஒரு செய்தி வரட்டும். 1294இல் பிரான்சின் தென்மேற்கிலுள்ள காஸ்கனியில் போர் மூண்டபோது, படையில் சேர்ந்தால் கொலைக்கும் மன்னிப்பு என்று முதலாம் எட்வர்ட் அறிவித்தார். உங்கள் கற்பனை அரசரும் அதையே சொல்லலாம்.