பழைய ஸ்டீரியோவில் கணினிப் பாட்டை வயரில்லாமல் கேட்க முடியுமா?

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, லேப்டாப்பிலிருந்து வயர் இழுக்காமல் பாட்டு கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆம்ப்ளிஃபயரை மாற்றவே வேண்டாம்.

முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஆக்ஸ், டேப் இன், சிடி, டியூனர் என்று எழுதியிருந்தால், கீழே சொல்லும் ரிசீவரின் வயரை அதில் எதில் வேண்டுமானாலும் செருகலாம். ஃபோனோ மட்டும் வேண்டாம். அது ரெக்கார்ட் பிளேயரின் மிக மெல்லிய சிக்னலுக்கானது. பல மடங்கு பெருக்குவதோடு பாஸையும் (தாழ்ந்த ஒலிகளையும்) தூக்கிவிடும். பாட்டு கரகரவென்று சிதைந்துதான் வரும். நானும் ஒருமுறை அப்படிச் செருகிவிட்டு ஸ்பீக்கர் போச்சு என்று பயந்தேன்!

அப்புறம், ஒரு புளூடூத் ரிசீவர் வேண்டும். கணினி அனுப்பும் பாட்டை வயரில்லாமல் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னக் கருவி அது. டிரான்ஸ்மிட்டரை வாங்கிவிடாதீர்கள், அது எதிர்வேலை செய்வது. சாதாரண ரிசீவர் சுமார் 10 மீட்டர் எட்டும், நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால் குறையும். கணினி வேறு அறையில் என்றால் வைஃபைதான் நல்லது. ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சின்ன வைஃபை கருவி 2004லேயே இதைச் செய்தது. 2018இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் பழையது கிடைத்தால் விடாதீர்கள். கைவேலை பிடிக்கும் என்றால், ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து நீங்களே இதைச் செய்துகொள்ளலாம்.

கணினியில் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ரிசீவருக்கு வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.