14 பேர் வந்தாங்க, ரெண்டு பேர் தான் மிச்சம்

கேள்வி: அண்ணா, நாங்க அஸ்தம்பட்டி பக்கம் மூணு பேர். பகல்ல வேலை, ராத்திரில பழைய ஆர்கேட் போர்டுகளுக்கு (காசு போட்டு ஆடற கேம் மெஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட்) எமுலேட்டர் எழுதறோம், அதாவது அந்த மெஷின் மாதிரியே நடிக்கற சாப்ட்வேர், சின்ன வயசுல ஒத்த ரூபா போட்டு ஆடுன கேம் எல்லாம் கம்ப்யூட்டர்ல அச்சு அசலா ஓடணும்னு ஒரு ஆசை. ஆள் பத்தலன்னு காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் "வாலண்டியர்ஸ் தேவை, சி பிளஸ் பிளஸ் தெரியணும்"னு போட்டோம். 14 பேர் வந்தாங்க, ரெண்டு மாசத்துல 12 பேரைக் காணோம். காசு குடுக்கவும் வழியில்ல. என்ன பண்றது?
(சேலம் வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டு பேர் நிக்கிறாங்கல்ல, அதுக்கே உங்களுக்கு தட்டுவடை செட் வாங்கித் தரணும். முதல்ல அந்த "வாலண்டியர்ஸ் தேவை" போர்டை கழட்டுங்க. கல்யாண வீட்டுல "யாராச்சும் வந்து பரிமாறுங்க"ன்னு மைக்ல சொன்னா எவனும் எந்திரிக்க மாட்டான், அதே "தம்பி, அந்த ரசவாளிய எடு"ன்னு ஒருத்தன் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க, எடுத்துக்கிட்டு ஓடுவான்.

உங்க வேலைல ரசவாளி எதுன்னா, உதாரணத்துக்கு டிப் ஸ்விட்ச். ஆர்கேட் போர்டுல குட்டி குட்டியா ஒரு வரிசை ஸ்விட்ச் இருக்கும், எத்தனை லைஃப், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை காசு, எவ்ளோ கஷ்டமா இருக்கணும்னு கடைக்காரர் அதுல தான் செட் பண்ணுவார். எமுலேட்டர்ல இந்த ஸ்விட்ச் ஒவ்வொண்ணுக்கும் என்ன வேலைன்னு எழுதணும், பாதி கேமுக்கு யாரோ குத்துமதிப்பா போட்டு வச்சிருப்பாங்க. பழைய மேனுவல் ஸ்கேன் ஒண்ணு கைல குடுத்து "இந்த எட்டு ஸ்விட்ச் மட்டும் சரி பாத்து திருத்துப்பா"ன்னு சொன்னா புதுசா வந்த பையன் ஞாயித்துக்கிழமை மதியத்துல முடிச்சிருவான், அவன் எழுதுனது உள்ள போயிருச்சுன்னா அடுத்த வாரம் அவனே வருவான். நீங்க என்ன பண்ணிருப்பீங்க, வந்த அன்னைக்கே சவுண்ட் சிப்பைத் தூக்கி தலைல வச்சிருப்பீங்க. எஃப்எம் சவுண்ட் (ரேடியோ இல்ல, சிப் சத்தத்தை உண்டாக்கற ஒரு முறை) எமுலேஷன்லாம் பெரிய கைங்களே வருஷக்கணக்குல உக்காந்து தேய்ச்ச வேலை தம்பி!

இன்னொண்ணு, சி பிளஸ் பிளஸ் தெரிஞ்சவன் மட்டும் தான் ஆளா? கோடு எழுதறதுக்கு முன்னாடி போர்டுல இருக்கற ஈபிராம் சிப்பை (கேமோட புரோகிராம் அதுல தான் இருக்கும்) ஒழுங்கா ரீட் பண்ணி எடுக்கணும், டம்ப்னு சொல்றோம்ல. சாக்கெட்ல இருந்தா கழட்டிரலாம், சால்டர் பண்ணி இருந்தா சூடு கொஞ்சம் கூடுனாலும் போர்டுல இருக்கற செம்புக்கோடு உரிஞ்சு வந்துரும். ஒரே சிப்பை ரெண்டு மூணு தரம் ரீட் பண்ணி ஒத்துப் பாக்கணும், ஏன்னா வயசான ஈபிராம்ல பிட் மாறிப் போயிருக்கும். இதுக்கெல்லாம் சரியான ஆள் காலேஜ் குரூப்ல இல்ல, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கயாச்சும் ஒரு டிவி ரிப்பேர் கடைல சும்மா உக்காந்திருப்பார், பிக்சர் ட்யூப் காலத்து மெக்கானிக். அவர்கிட்ட எமுலேட்டர்னு ஆரம்பிக்காதீங்க, போர்டைக் கொண்டு போய் "அண்ணே, இது உசுரோட இருக்கான்னு பாருங்க"ன்னு நீட்டுங்க, போதும். (செவ்வாப்பேட்டைல கொலுசு பத்த வைக்கிறவங்களைக் கேக்கலாமான்னு என் மச்சான் கேட்டான். அந்தக் கை வேற மாப்ள.)

எவ்ளோ விதமான ஆள் வேணும்கறதுக்கு கேப்காம்னு ஒரு கேம் கம்பெனியோட சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டு ஒண்ணே போதும். கேமோட புரோகிராம் கோடைப் பூட்டி, சாவிய பேட்டரில ஓடற மெமரில வச்சிருந்தாங்க, பேட்டரி செத்தா போர்டும் செத்துச்சு. 2001ல ஒரு குழு ஹார்ட்வேர் வழியாவே பூட்டு கழண்ட கோடை வெளிய எடுத்தாங்க, அந்தப் பூட்டோட கணக்கையே உடைச்சது 2007ல தான். முதல்ல சால்டரிங் கை, அப்புறம் கணக்கு மண்டை.

வந்தவன் ஏன் ஓடறான்னு கேட்டீங்கன்னா, பாதி பேர் வேலை கஷ்டம்னு போறதில்ல, பதில் வரலன்னு போறான். பேட்ச் (கோடுல பண்ணுன மாத்தம்) அனுப்பிட்டு மூணு வாரம் காத்திருந்தா எவனுக்கும் வெறுத்துரும். நானும் ஒரு ப்ராஜெக்டுக்கு முன்னாடி ராப்பகலா எழுதி அனுப்பி, ஒரு மாசம் சத்தமே இல்ல, அப்புறம் பாத்தா அதே மாத்தத்தை இன்னொருத்தர் தன் பேர்ல போட்டு வச்சிருந்தார், அன்னைக்கு மூடுனவன் தான் இன்னும் திரும்பிப் பாக்கல. அதனால ரெண்டு மூணு நாளைக்குள்ள "பாத்துட்டேன், சனிக்கிழமை சொல்றேன்"னாவது போடுங்க, அவன் கோடை நீங்க திருத்துனா ஏன்னு ஒரு வரி சொல்லுங்க, பேரைக் கண்டிப்பா போடுங்க. செமஸ்டர் பரீட்சை வந்தா ரெண்டு மாசம் காணாமப் போவான், போகட்டும், குரூப்ல இருந்து தூக்கிராதீங்க.

லைசென்ஸை, அதாவது அவன் எழுதுன கோடை நீங்க எப்படிப் பயன்படுத்தலாம்ங்கற சம்மதத்தை, முதல் நாளே எழுத்துல வாங்கிக்கங்க. மேம்னு ஒரு எமுலேட்டர் (காலேஜ் மேம் இல்ல), 1997 பிப்ரவரில நிக்கோலா சால்மோரியான்னு ஒரு இத்தாலிக்காரர் வெளியிட்டது. முழுசா ஓப்பன் சோர்ஸ் (யார் வேணா எடுத்து, மாத்தி பயன்படுத்தலாம்ங்கற முறை) ஆக்கலாம்னு 2015ல முடிவு பண்ணுனப்ப, அத்தனை வருஷமா எழுதுனவங்களைத் தேடிப் பிடிச்சு சம்மதம் வாங்க வேண்டியதாப் போச்சு, 2016 மார்ச்ல தான் முடிஞ்சுது. உங்க 14 பேர்ல ஓடுன 12 பேர் எழுதுன வரி ஏதாச்சும் இப்ப கோடுல இருக்கா? இருந்தா இந்த வாரமே கேட்டு வாங்கிருங்க, நம்பர் மாத்திட்டா அப்புறம் தேடிக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: எங்க வீடு ஏற்காடு. மழை வந்தா நெட் போயிரும். இந்த மாதிரி வேலைல நானும் சேர முடியுமா? கோடிங் சுமார் தான்.
(ஏற்காடு வாசகி)

பதில்: தாராளமா, தங்கச்சி. சோர்ஸ் கோடை ஒரு தரம் இறக்கிட்டா அப்புறம் நெட் இல்லாமலே வேலை பாக்கலாம், எழுதி வச்சுட்டு சிக்னல் வந்தப்ப அனுப்பிக்கலாம். கேம் ஓட வச்சு எந்த இடத்துல படம் தப்பா வருது, எந்த லெவல்ல சத்தம் நின்னு போகுதுன்னு தேதி, வெர்ஷனோட எழுதி அனுப்புற ஆளுக்கு பஞ்சமோ பஞ்சம். மேல கேட்ட தம்பிகிட்ட உங்க கடிதத்தை அனுப்பட்டுமா? சரின்னா ஒரு வரி எழுதிப் போடுங்க. போர்டு எதுவும் பாக்கணும்னா அவங்களே 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரட்டும், அவங்களுக்குத் தான் ஆள் வேணும்.